கொசு உள்ளானும் என் ஞாயிற்றுக்கிழமையும்

பிப்ரவரி 4, செவ்வாய்

காலை ரயிலில் கூட வேலைக்கு வரும் ஞானசுந்தரியிடம் கேமராவைக் காட்டினேன். "இதுல குருவி எங்கக்கா? வெறும் சேறுதானே கீது" என்றாள். பெரிதாக்கிக் காட்டினேன். ஒரு பழுப்புப் புள்ளி, அதற்குக் கீழே இரண்டு குச்சி. அதுதான் கொசு உள்ளான்! உள்ளங்கையில் அடங்கிவிடும். பேத்தமங்களா ஏரியில் தண்ணீர் இறங்கிய சேற்றில் தையல் மிஷின் ஊசி போலக் குத்திக் குத்தித் தின்கிறது. வாரம் முழுக்க கார்மெண்ட்ஸில் மிஷின் முன்னால் உட்காருகிறவள் நான். அதைப் பார்த்தால் சிரிப்பு வராமல் என்ன செய்யும்?

எங்கோ பனி தேசத்திலிருந்து பறந்து வருகிறதாம். எனக்கு பங்காரப்பேட்டை போய்ச் சேர்வதற்குள் இடுப்பு கழன்றுவிடுகிறது.

பிப்ரவரி 9, ஞாயிறு

துரத்தினேன். ஓடியது. மறுபடி துரத்தினேன். ஒரு செருப்பு சேற்றோடு போயிற்று. படங்கள்: வால், வால், வால்.

பிப்ரவரி 16, ஞாயிறு

சண்டை. வெயில் ஏறித்தான் வீட்டுக்கு வந்தேன். என் புருஷன் டென்னிஸ் கறி வாங்கி, கழுவி, அவரே குழம்பும் வைத்து, சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"ஆறு நாளு ரயிலுக்கு. ஒரு நாளு குருவிக்கு. எனக்கு எந்த நாளு, ஏமே?"

சுருக்கென்றது. ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா? "நீங்க மட்டும் கல்யாணம், சாவுன்னு ட்ரம்பெட்ட தூக்கினு போறீங்களே, நான் எதுனா கேட்டனா?" என்றேன். அவர் பேண்ட் செட் வைத்திருக்கிறார். எங்கள் ஏரியா ஸ்கெலட்டனில் ஒரு சாவு விழுந்தால் சொந்தக்காரர்களுக்கு முன்னால் அவருக்குத்தான் போன் வரும். எங்கள் ஸ்கூட்டர் முன்பக்கம் முழுக்க 'டென்னிஸ் பேண்ட், சுப அசுப காரியங்களுக்கு' என்று எழுதி, நம்பரும் போட்டிருக்கும். அதில்தான் நான் ஏரிக்குப் போகிறேன்.

கடைசியில் பந்தயத்தில் முடிந்தது. மார்ச் முடிவதற்குள் ஒரு படம், உள்ளானின் கண் பளிச்சென்று தெரிகிற மாதிரி. எடுத்துவிட்டால் ஞாயிறு காலை என்னுடையது. இல்லையென்றால் கேமரா பீரோவுக்குள். கையடித்துக் கொடுத்துவிட்டேன். எந்தத் தைரியத்தில்?

மார்ச் 2, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன்! துரத்தவே கூடாது. அது வருகிற வழியில் முன்கூட்டியே கவிழ்ந்து படுத்து, செத்த மாதிரி கிடக்க வேண்டும். அதுவாக வருகிறது! கேமராவைப் பழைய அலுமினியத் தட்டில் வைத்துச் சேற்றில் தள்ளிக்கொள்கிறேன். நைட்டியெல்லாம் சேறு, மூக்கெல்லாம் சேறு. இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்திருந்தால் கண் கிடைத்திருக்கும்.

மார்ச் 16, ஞாயிறு

ஓவர்டைம். போன வாரமும் இதே கதை. அழுகையாக வருகிறது.

மார்ச் 23, ஞாயிறு

முதுகு தெரிந்தால் பயப்படுகிறது. பெரிய டிரம்முக்குப் போடும் காக்கி உறையை எடுத்துப் போர்த்திக்கொள்ளப் போகிறேன். டென்னிஸிடம் சொல்லவில்லை. இன்னும் ஒரே ஒரு ஞாயிறு.

மார்ச் 30, ஞாயிறு

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. வரிசையாக எழுதுகிறேன்.

உறையைத் தலைவரை இழுத்துப் போர்த்திப் படுத்தேன். ஒரு உள்ளான் நேராக என்னைப் பார்த்து வந்தது. இன்னும் பக்கம். இன்னும் பக்கம். அப்போதுதான் கரையிலிருந்து யாரோ "அம்மா! ஏ அம்மா!" என்று கத்தினார்கள். அசைந்தால் பறந்துவிடுமே! நான் இன்னும் விறைப்பாகக் கிடந்தேன். அதுதான் நான் செய்த கூத்து. கரையில் ஆடு மேய்க்கிறவர், டிராக்டர் கழுவுகிறவர் என்று கூட்டம் கூடிவிட்டது. பிணம்தான் என்று முடிவே செய்துவிட்டார்கள். தொட்டால் போலீஸ் தொல்லை என்று யாரும் கிட்டே வரவில்லை. ஒருவர் ஸ்கூட்டரில் இருந்த நம்பருக்குப் போன் போட்டிருக்கிறார்.

டென்னிஸ் ஒரு கல்யாண வாசிப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாராம். கன்னடமும் தமிழுமாக யாரோ "ஏரியில ஒரு பாடி" என்றதும் வழக்கம்போல ஆர்டர் எடுத்திருக்கிறார். "பேத்தமங்களாவா? வரலாம் சார். ஆம்பளையா பொம்பளையா? ட்ரம்பெட் ரெண்டு போதுமா? எப்ப எடுக்கறீங்க?"

அந்த ஆள், "எடுக்கறதெல்லாம் தெரியாது சார். உங்க நம்பர் போட்ட ஸ்கூட்டர் பக்கத்துல கீதே, அந்தப் பொம்பளதான்" என்றிருக்கிறார். டென்னிஸ் கிடைத்த ஆட்டோவில் ஏறிவிட்டார்.

எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? சத்தத்தில் விலகிப்போன உள்ளான் அரை மணி கழித்துத் திரும்பி வந்து, கைக்கெட்டும் தூரத்தில் நின்று தலையைச் சாய்த்தது. அமுக்கினேன். அதே நொடியில் "அமலா!" என்று ஒரு அலறல். பறவை எழும்பியது, நான் விரலை எடுக்கவில்லை. நிமிர்ந்தால், சிவப்பு பேண்ட் கோட்டில் ஒரு கை மட்டும் நுழைத்தபடி, சேற்றில் விழுந்து எழுந்து ஓடி வருகிறார் என் புருஷன்.

நான் எழுந்து உட்கார்ந்ததும் கரையில் பாதிப் பேர் ஓடினார்கள். டென்னிஸ் ஓடவில்லை. சேற்றோடு கட்டிப்பிடித்துக்கொண்டு, "ஏமே, ஏமே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்புறம் நானும் அழுதுவிட்டேன்.

மார்ச் 31, திங்கள்

படத்தைப் பார்த்தேன். உள்ளான் வெறும் கலங்கல், ஒரு இறக்கை மட்டும் தெரிகிறது. பின்னால் டென்னிஸ் மட்டும் துல்லியமாக விழுந்திருக்கிறார். கண், கண்ணீர், கோட்டுப் பொத்தான், எல்லாம்.

தோற்றது தோற்றதுதான். கேமராவைத் துடைத்துப் பீரோவில் வைக்கப் போனேன். அவர் வாங்கி அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"குருவி கண்ணு தெரியலயே."

"தெரியல. நான் தோத்துட்டேன்."

"அடுத்த வாட்டி நானும் வரேன். இன்னொரு தபா இந்த மாதிரி போன் வந்தா தாங்க மாட்டேன்."

ரயிலில் ஞானசுந்தரிக்குச் சொன்னேன். பெட்டியே சிரித்தது. வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

அக்டோபர் 26, ஞாயிறு

பனி தேசத்துக்குப் போனவை திரும்பி வந்துவிட்டன! போன வாரம் ஒன்றுகூட இல்லை, இன்று கரை முழுக்க ஓட்டம். டென்னிஸ் என் பக்கத்தில் கவிழ்ந்து படுத்து, தொப்பை இடிக்கிறது, எறும்பு கடிக்கிறது என்று முனகிக்கொண்டே இருந்தார். ஒரு உள்ளான் எங்களை நோக்கித் திரும்பியதும் மூச்சைப் பிடித்தார் பாருங்கள், ட்ரம்பெட்காரர், விடவே இல்லை. அது எங்கள் இருவருக்கும் நடுவே குத்திக் குத்தித் தின்றபடி நடந்து போயிற்று. கண் கிடைத்தது. அலகு நுனியில் ஒரு சொட்டுச் சேறுகூடக் கிடைத்தது. கத்த முடியாமல் கால் விரல்களை மட்டும் ஆட்டினேன்.

அவர் சட்டைப்பைக்குள் போன் அதிர்ந்தது. படுத்தபடியே எடுத்து, கிசுகிசுப்பாக, "ஞாயித்துக்கெழம காலையிலயா? வேற செட்ட பாருங்க சார். ஊட்டுக்காரியோட வேலையா கீறேன்" என்றார். போனை வைத்துவிட்டு, அடுத்தது எந்தப் பக்கம் வருகிறது என்று என்னைக் கேட்டார்.