புழுக்கம் என் கட்சி

ஏப்ரல் 11

பார்த்துவிட்டேன் பார்த்துவிட்டேன், என் லேசர், எஞ்சின் புகைக்குள்ளே போய் வெளியே வந்து அங்கே சூடு எவ்வளவு என்று சொல்லிவிட்டது!

வாப்பாவின் ஸ்பேர் பார்ட்ஸ் கடை, பின்பக்கக் குடோன், ஒரு குட்டி ஜெனரேட்டர். புகையில் இருக்கும் நீராவி, லேசர் ஒளியில் கண்ணுக்குத் தெரியாத இரண்டு நிறங்களைக் குடிக்கும். சூடு மாறினால் எதை எவ்வளவு குடிக்கும் என்பதும் மாறும். அந்த விகிதம்தான் தெர்மாமீட்டர். மொத்தம் எவ்வளவு குடித்தது என்று பார்த்தால் நீராவி எவ்வளவு என்பதும் தெரிந்துவிடும். எல்லாமே வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டது.

எங்கள் லேசர் குரூப்பில் ஜெயசீலன் அண்ணனிடம் முதலில் சொன்னேன். இங்கேயே புஜைராவில், ஜெனரேட்டர் வாடகைக்கு விடும் கம்பெனியில் வேலை பார்ப்பவர். “தங்கச்சி, நீ வேற லெவல்! ஃபைல் எல்லாத்தையும் அனுப்பு, ரசிச்சுப் பாக்குறேன்.”

அனுப்பினேன்.

மே 2

ஜெயசீலனின் யூடியூப் சேனலில் என் கிராஃப். என் கிராஃப்! என் பேர் எங்கடா? நாப்பதாயிரம் பேரு பாத்துட்டாங்க. ‘தல, மாஸ்’னு கமெண்ட்டு.

கேட்டேன். “ஐடியா எல்லாருக்கும் பொதுதானே தங்கச்சி? எமோஷனல் ஆவாத.”

பொதுவாம். நான் மஞ்ச டேப் ஒட்டின இடத்துலயே அவனும் மஞ்ச டேப் ஒட்டியிருக்கான்.

மே 3

பிளாக் செய்யவில்லை. அவன் விழுவதைப் பார்க்க வேண்டும்.

ஜூன் 9

குடோனில் ஏசி படுத்துவிட்டது. கதவைத் திறந்து வைத்து ஓட்டினேன். எஞ்சின் அதே எஞ்சின், ஆனால் எண் சர்ரென்று இறங்கியது. ஏன்?

பிறகு புரிந்தது. லேசர், புகைக்குழாய்க்குள் நுழையும் முன்பும், வெளியே வந்த பிறகும் கொஞ்ச தூரம் சும்மா காற்றில் போகிறதே, அந்தக் காற்றின் ஈரமும் ஒளியைக் குடிக்கிறது. குளிர்ந்த ஈரம். அதனால்தான் சூடு குறைவு என்று பொய்க் கணக்கு வருகிறது. நாங்கள் பார்த்த வீடியோ எல்லாம் குளிர்நாட்டுக்காரர்கள் போட்டது. காய்ந்த அறைக்குள் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் புழுக்கத்தைப் பற்றி என்ன தெரியும்? அந்த இடைவெளிகளில் காய்ந்த நைட்ரஜனை ஊதினேன். எண் சரியானது.

யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த மாதம் கடலோர லேபர் கேம்ப்பில், திறந்த வெளியில், அவனுடைய டெமோ. அங்கே இருக்கும் பெரிய ஜெனரேட்டர் அவன் கம்பெனியுடையதுதான். யா அல்லாஹ், அன்றைக்கு நல்ல புழுக்கமாகக் கொடு.

இப்படியெல்லாம் துஆ கேட்கலாமா? கேட்டாச்சு.

ஜூலை 18

நாளை ஈரப்பதம் எண்பத்தெட்டாம். அல்ஹம்துலில்லாஹ்!

ஜூலை 19

போனேன். முன்வரிசையில் நின்றேன். லேசர் எண் படுகேவலமாகக் குறைந்து வந்தது. இப்போது சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன்.

கைதட்டினார்கள்.

ஜெனரேட்டர் ஆப்பரேட்டர் கார்மேகம் அண்ணன் மட்டும் தலையைச் சொறிந்தார். கமுதிப் பக்கத்துக்காரர், தங்குவதும் அதே கேம்ப்பில். “தம்பி, மெசின்ல இருக்க மீட்டரு ரொம்பக் கூடுதலால்ல காட்டுது?”

“அது கிழட்டு மீட்டர்ண்ணே. லேசர் பொய் சொல்லாது.”

கேம்ப் மேனேஜருக்கு ஒரே குஷி. “அச்சா! எஞ்சின் இவ்ளோ கூலா இருக்கா? நாளன்னிக்கு மூணாவது பிளாக் ஏசி லைனையும் இதுலயே குடு. கலாஸ், முடிஞ்சுது.”

அவன் தோற்றது அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். சொன்னால் அவன் மெஷின் சரியாகிவிடும். சொல்லாவிட்டால், ஏற்கெனவே கொதிக்கிற எஞ்சினில் இன்னும் லோடு ஏற்றுவார்கள். பக்கத்தில் டூட்டி பார்ப்பது கார்மேகம் அண்ணன்.

வாயத் தொறக்காம வந்துட்டேன். என்ன பிறவிடி நீ, ஹாலிதா?

ஜூலை 20

காலையிலேயே ஜெயசீலனுக்குப் போன் போட்டேன். “உங்க ரீடிங் தப்பு. ஏன்னு எனக்குத் தெரியும்.”

“தனியா சொல்லேன் தங்கச்சி, ப்ளீஸ்…”

“உங்க சேனல்ல லைவ் போடுங்க. கேமரா ஓடினாத்தான் சொல்லுவேன். இல்லாட்டி நேரா மேனேஜர்ட்டப் போறேன்.”

வாப்பா பிக்கப்பில் நைட்ரஜன் சிலிண்டரை ஏற்றிக்கொண்டு கேம்ப்புக்கு வந்தார். இரண்டு பக்கமும் டியூபைச் செருகி, கார்மேகம் அண்ணனை வால்வைத் திறக்கச் சொன்னேன். எண் ஏறியது. ஏறி ஏறி, கிழட்டு மீட்டர் காட்டிய இடத்திலேயே வந்து நின்றது.

“ஏ, கெழவன் செயிச்சுப்புட்டான்யா!” கார்மேகம் அண்ணன் விசிலே அடித்துவிட்டார்.

மேனேஜர் முகம் வெளுத்தது. “மாஃபி லோடு! லோடெல்லாம் வேணாம்! மூணாவது பிளாக்குக்கு வேற ஜெனரேட்டர் கொண்டாங்க.”

கேமரா இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஏப்ரல் தேதி போட்ட என் ஒரிஜினல் ஃபைலை லென்ஸுக்கு நேராகப் பிடித்தேன். “இது யாரோடதுண்ணா?” என்று கேட்டேன்.

“…ஹாலிதாவோடது.”

“சத்தமா.”

ஆகஸ்ட் 6

குரூப்பில் இன்று நான் போட்டது: “தோஹா, மஸ்கட், சலாலா, பஹ்ரைன் மக்களே! உங்க ஊர் ஈரக்காத்துல லேசர் எண் எவ்வளவு எறங்குதுன்னு அளந்து அனுப்புங்க. நைட்ரஜன் வெச்சு ஒண்ணு, வைக்காம ஒண்ணு. நம்ம ஊருக்கு நம்மளே அட்டவணை போடுவோம். தெரிஞ்சவங்க எல்லாருக்கும் ஷேர் பண்ணுங்க. அளந்தவங்க பேரு கண்டிப்பா இருக்கும்.”

முதல் அளவு ஜெயசீலனிடமிருந்து வந்தது. சுத்தமான அளவு, குறை சொல்ல ஒன்றுமில்லை. அட்டவணையில் பெயரோடு சேர்த்துவிட்டேன்.

கடைசி வரியில்.