ஆய்வேட்டில் இல்லாத பேர்

அன்புள்ள சடையாண்டி அண்ணனுக்கு,

நீங்கள் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. கோபப்படாமல் கேளுங்கள், நல்ல சேதி கொண்டு வரவில்லை.

உங்கள் மகள் செல்வி பன்னிரண்டாவது பாஸ் செய்துவிட்டாள். மதுரையிலேயே நர்சிங் சீட்டும் கிடைத்திருக்கிறது. பளியர் பழங்குடி என்று சாதிச் சான்றிதழ் கொடுத்தால்தான் சேர்த்துக்கொள்வார்களாம். வெள்ளிக்கிழமை கடைசி நாள். உங்கள் வீட்டில் ஒரு காகிதமும் இருந்ததில்லை என்பது உங்களுக்குத் தெரியாததா? "அத்தே, நீங்க எங்களப் பத்தி எழுதுனீங்கல்ல, அது போதாதா?" என்று ஆனையூருக்கே என்னைத் தேடி வந்துவிட்டாள்.

எனக்கும் போதும் என்றுதான் தோன்றியது. மலையடிவாரத்தில் உங்கள் குடிசைக்குப் பக்கத்திலேயே எட்டு மாதம் இருந்தவள் நான். உங்கள் சோற்றைத் தின்றுகொண்டு, பாட்டன் பூட்டன் வரைக்கும் கேட்டு எழுதியவள். நேற்று ஆய்வேட்டைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் பஸ் ஏறினோம்.

சான்றிதழ் தருகிற ஆபீஸில் இருந்தவர் பொறுமையாகத்தான் புரட்டினார். "இதுல சடையாண்டின்னு யாருமே இல்லையேம்மா. ஊரும் வேற பேராவுல்ல இருக்கு?" என்றார்.

நான்தான் மாற்றினேன். உங்களுக்குத் தொந்தரவு எதுவும் வந்துவிடக் கூடாது என்று ஆய்வு செய்கிற எங்களுக்கு ஒரு நெறி. உங்களை மாரிமுத்து ஆக்கினேன். நிஜப் பேர்கள் இருந்த நோட்டையும், கல்லூரிக்குக் கொடுத்த வாக்குப்படி எரித்துவிட்டேன். நீங்கள் அப்போதே சொன்னீர்கள்: "நான் என்ன களவாண்டுட்டா ஒளியுறேன்? என் பேரையே எழுது தங்கச்சி." உங்களுக்கு விவரம் பத்தாது என்று நினைத்துச் சிரித்தேன், அண்ணே. நீங்கள் வேண்டாம் என்ற பிறகும் உங்களைக் காப்பாற்ற நான் யார்?

செல்வி விடவில்லை. தேன் எடுக்கப் போய்ப் பாறையிலிருந்து விழுந்து, எழுந்ததும் முதல் வேலையாகப் பீடியைத் தேடினானே மாரிமுத்து, அந்தப் பக்கத்தை எடுத்து அவரிடம் நீட்டினாள். "சார், இது எங்கப்பாதான் சார்." சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"இருக்கலாம்மா. இத வச்சு நான் கையெழுத்துப் போட முடியாதே" என்றார். அவர் மேல் தப்பில்லை.

நாளைக்கு மறுபடி போகிறோம். பேரை மாற்றியது நான்தான் என்று எழுதிக் கொடுக்கப்போகிறேன். அது செல்லுமா, தெரியாது. சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று சத்தியம் பண்ண எனக்கு வாய் வரவில்லை. அவளைத் தனியாக அனுப்ப மாட்டேன், அதை மட்டும் சொல்கிறேன்.

அந்தப் புத்தகத்தில் நான் மாற்றாமல் விட்ட பேர் ஒன்றே ஒன்றுதான். அட்டையில் இருக்கிற என் பேர். அதை இங்கே எழுதக் கூசுகிறது.

உங்கள் தங்கச்சி