இருப்பது அறுபத்து நான்கு, நமக்கு இரண்டு

ஜூலை 8, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. சயானில் தண்டவாளம் தண்ணீருக்குள். பாதி நடை, பாதி பஸ் என்று செம்பூர் ஆபீஸ் போய்ச் சேர்ந்தேன். முழங்கால் வரை சேறு.

தாணே ஸ்கேன் சென்டரில் எங்கள் ப்ரோக்ராம் இன்றும் படுத்துவிட்டது. ஒரு ஸ்கேன் படத்தைப் பார்த்துச் சொல்ல என் லேப்டாப்பில் ஒரு நிமிஷம்கூட ஆகாது. அங்கே அவர்களுடைய பெரிய சர்வரில் ஆமை. நோயாளிகள் வராந்தாவில் காத்துக் கிடக்கிறார்கள் என்று சென்டரை நடத்தும் டாக்டரம்மா மெயில். வெள்ளிக்குள் சரியாகாவிட்டால் ஒப்பந்தம் ரத்து.

மேனேஜர் சார் குரலை உயர்த்தவே இல்லை. மாட்டுங்காவில் வளர்ந்த தமிழர், எப்போதும் அப்படித்தான். "இது போச்சுன்னா உன்னை நான் வெச்சுக்க முடியாதும்மா. புரிஞ்சுக்கோ."

புரிகிறது. வேலை போனால் அண்ணனின் தையல் பட்டறையில் நூல் வெட்ட உட்கார வேண்டியதுதான். படித்ததெல்லாம் பாழ்.

டீமில் நாலு பேர் என்று டாக்டரம்மாவிடம் சார் சொல்லிவைத்திருக்கிறார். மூன்று பேர் ராஜினாமா செய்து போயாச்சு. பெயர்கள் மட்டும் ஷீட்டில். அவர்களுக்கு வரும் மெயிலுக்கும் பதில் நான்தான்.

வாங்க வேண்டியது: குடை, தலைவலி மாத்திரை, அம்மாவுக்குக் கருவாடு.

ஜூலை 9, புதன்

மழை விடவில்லை. மெமரி, நெட்வொர்க், டிஸ்க், எல்லாம் பார்த்தாயிற்று. ஒன்றும் பிடிபடவில்லை. பாத்ரூமில் போய் அழுதேன்.

தாராவி வீட்டுக்கு வந்தால் அண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். பட்டறை வாடகை கட்டுபடியாக, ஒரே கூடத்தில் மூன்று பார்ட்டிகள் தையல் மெஷின் போட்டிருக்கிறார்கள். அண்ணனுக்குப் புதிதாக ஆர்டர் கொடுத்த கம்பெனியின் ஆள் வந்து கூடத்தில் உள்ளதையெல்லாம் எண்ணிக்கொண்டு போயிருக்கிறான்.

"எட்டு மெஷின் நிக்குன்னு எட்டு டெய்லர அனுப்பிட்டான். நம்மது ரெண்டுதாம்ட்டி. ஒருத்தன் ரெண்டு தையல் போடுததுக்குள்ள அடுத்தவன் எந்திரிங்கான். ஒரு சட்டை முடியல."

சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன்.

ப்ரோக்ராம் கிளம்பும்போது லைப்ரரியிடம், அதாவது உள்ளே சேர்த்திருக்கும் ரெடிமேட் ப்ரோக்ராமிடம், ஒன்று கேட்கிறது: எத்தனை ப்ராசஸர்? தாணேயில் பதில் அறுபத்து நான்கு. அது முழு சர்வரின் கணக்கு. எங்களுக்கு ஒதுக்கியது இரண்டு. பதிலை நம்பி அறுபத்து நான்கு வேலையை ஒன்றாகக் கிளப்பிவிடுகிறது. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு எதுவும் முடிவதில்லை. என் லேப்டாப்பில் இருப்பதெல்லாம் எனக்கே, அதனால் இங்கே தெரியவில்லை.

அம்மா: "தட்டுல ஈ மொய்க்கி, அங்க என்ன சிரிப்பு?"

ஜூலை 10, வியாழன்

சந்தோஷம் மத்தியானம் வரைகூட நிற்கவில்லை. லைப்ரரியில் இன்னொரு கேள்வி உண்டு: எந்தெந்த ப்ராசஸரில் நான் ஓடலாம்? அதைக் கேட்கும்படி மாற்றினேன். அதற்கும் பதில் அறுபத்து நான்கு. மேஜையில் முட்டிக்கொண்டேன்.

பிறகுதான் உறைத்தது. எதில் வேண்டுமானாலும் ஓடலாம், ஆனால் மொத்தத்தில் இரண்டு ப்ராசஸர் அளவு நேரம்தான். அந்த வரம்பு தனியாக ஒரு ஃபைலில் கிடக்கிறது. லைப்ரரி அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. பாவி, பொய்யும் சொல்லவில்லை. இருப்பதைச் சொல்கிறது, கிடைப்பதைச் சொல்வதில்லை.

அந்த ஃபைலையே படிக்கும்படி எழுதி அனுப்பினேன். தாணேயிலிருந்து பதில் இல்லை. குடை வாங்க மறந்தேன்.

ஜூலை 11, வெள்ளி

தூறல். ஓடுகிறது. வராந்தா காலி என்றார் டாக்டரம்மா, வீடியோ காலில். அவர் சிரித்து இன்றுதான் பார்த்தேன். பக்கத்தில் சார் என் காதில், "நீ முடிச்சுடுவேன்னு எனக்குத் தெரியும்."

வேலை தப்பியது என்று மூச்சு விட்டேன். அதற்குள் டாக்டரம்மா இந்தியில் ஆரம்பித்தார். இன்னும் மூன்று சென்டர் இருக்கிறது, திங்கட்கிழமையே எல்லாவற்றிலும் ஓட வேண்டும், ஆளுக்கு ஒரு சென்டர் எடுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் இருக்கிறீர்கள்தானே? என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

கேமராவுக்குத் தெரியாமல் மேஜைக்குக் கீழே சார் நாலு விரல் காட்டினார்.

"ஒருத்திதான் மேடம். நான் மட்டும்தான்" என்று இந்தியில் சொல்லிவிட்டேன்.

டாக்டரம்மா என்னை விட்டுவிட்டுச் சாரைப் பார்த்தார். சார் விரல்களை மடக்க மறந்துவிட்டார்.