போடல

ஆக. 12, செவ். காலையிலேயே புழுக்கம்.

இல்லை, அசதியில் வந்த பிழை இல்லை. நான் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த கருவியால் வந்தது.

ஈமாக்ஸ். எழுதுவதற்கான செயலி. எல்லாவற்றையும் நம் இஷ்டத்துக்கு மாற்றலாம். பாதிச் சொல்லை ஊகித்து நீட்டும் கருவி மட்டும் நாலைந்து. ஏப்ரலில் ஒரு வாரம் அதைத் தேர்ந்தெடுப்பதிலேயே போனது. ஆய்வேடு ஒரு வரி நகரவில்லை. ஒன்று கனம். ஒன்று கேட்டால்தான் வாய் திறக்கும். எனக்குப் பொறுமை இல்லை. கடைசியில் எடுத்ததன் பெயர் கம்பெனி. தானே பட்டியல் விரிக்கும். என்டர் தட்டினால் முதல் சொல்லை ஏற்கும்.

அதில்தான் மில் பெண்களின் பேட்டிகளைத் தட்டச்சு செய்தேன். தொகுப்பு அச்சாகி இன்று துறைக்கு வந்தது. பக்கம் 41. அஞ்சலை அக்கா, ஸ்பின்னிங் பிரிவு. அவர் சொன்னது: "விருப்ப ஓய்வுன்னு பேப்பர நீட்னாங்க. நா கையெழுத்து போடல."

அச்சில்: "நா கையெழுத்து போடலாம்."

ஆக. 13, புதன்.

ஒலிப்பதிவை மறுபடி கேட்டேன். போடல. மேசையைத் தட்டிச் சொல்கிறார்.

நடந்தது இது. "போடல" அடித்தேன். அடுத்த வரிக்குப் போக என்டர். பட்டியல் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டது. தமிழில் வினை வரிக் கடைசியில். அடியும் வினைக்கே.

இன்னொன்று. கருவி சொல் பொறுக்குவது திறந்திருக்கும் மற்றக் கோப்புகளிலிருந்தும். பக்கத்தில் மில்லின் பழைய மேலாளர் பேட்டி. "விருப்பம் இருந்தா போடலாம்." அவர் சொல். எடுத்து இவர் வாயில் வைத்திருக்கிறேன்.

வரல, கேக்கல, தரல. தேடிப் பார்த்தேன். தப்பித்திருக்கின்றன. இது ஒன்றுதான். ஒன்று போதும்.

அறைத்தோழி நித்யா, ஐ.டி.: "என்டர எடுத்துட்டு டேப் கீல வச்சிருக்கலாம்ல? செட்டிங்ல ஒரு வரிடி."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

வேகமாக இருந்தது. அவ்வளவுதான்.

ஆக. 14, வியா. மதியம் தூறல்.

நெறியாளர் மேடத்திடம் சொன்னேன்.

"ரெண்டு எழுத்துக்கு இப்டியா? திங்கக்கிழம வெளியீடு. அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்."

"அவங்க மேடைல இருப்பாங்க மேடம்."

"அவங்க படிக்கவா போறாங்க?"

அஞ்சலை அக்கா தினமும் பேப்பர் படிப்பவர். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை.

வாங்க வேண்டியது: சோப்பு, நாப்கின், பேனா மை.

ஆக. 15, வெள். விடுமுறை.

நெல்லித்தோப்பு. அஞ்சலை அக்கா வீட்டுக்குப் புத்தகத்தோடு போனேன். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு படித்தார். அந்த வரியில் விரல் நின்றது.

"இன்னாம்மா இது? போடலாமா?"

கருவி, பட்டியல், என்டர். விளக்க விளக்க எனக்கே கூசியது. அதுக்குப் பேரு என்ன என்றார்.

"கம்பெனி."

சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை. "அப்பவும் கம்பெனிதான் எழுதிச்சி. எம்பேர அவுங்களே போட்டுக்கினு, நானா போட்டேன்னு சொன்னாங்க. இப்ப நீயுமா? படிச்ச புள்ள."

உள்ளேயிருந்து மகள்: "வுடும்மா, யாரு படிக்கப் போறா."

"நா படிக்கிறேன்ல?" பிறகு என்னிடம்: "அந்த 'லாம்'ம அடிச்சிட்டு வா. எல்லா புக்குலயும். இல்லன்னா என்ன மேடைக்குக் கூப்புடாத."

போன தடவை காபி. இந்தத் தடவை இல்லை.

ஆக. 16, சனி. வெயில்.

மேடத்துக்குச் செய்தி: பேனாவால் திருத்தட்டுமா?

பதில்: வேண்டாம். அசிங்கமா இருக்கும்.

கம்பெனியை நீக்கினேன். வேறு எதையும் வைக்கவில்லை. முழுச் சொல்லையும் நானே அடித்துக்கொள்கிறேன்.

துறைக்குப் போனேன். காவலாளி சாவி தந்தார். புத்தகக் கட்டைப் பிரித்தேன். பக்கம் 41. துணைக்காலையும் ம்-ஐயும் கறுப்பு மையால் அடித்தேன். அடுத்த பிரதியை எடுத்தேன்.