தோளிலிருந்து மணிக்கட்டு வரை

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் உன் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கிச் சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன், நம்புவதற்கு என்னிடம் ஆதாரம் ஒன்றும் இல்லை, போன வாரம் வீடியோவில் உன் கன்னத்தைப் பார்த்துவிட்டு உன் அம்மா என்னிடம்தான் சண்டைக்கு வந்தாள், ஏதோ நான் உன்னைப் பட்டினி போட்டதுபோல. போனில் பேசாமல் இதென்ன கடிதம் என்று கேட்பாய். நான் சொல்லப்போகிற பேச்சைப் போனில் எடுத்தால், அப்பா அதை விடுங்க என்று சொல்லி வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாதே. மிஞ்சிப் போனால் மடித்து மேசையில் வைப்பாய், பிறகு நீயே எடுத்துப் படிப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா.

அம்மாவுக்கு முட்டிவலி நன்றாகக் குறைந்திருக்கிறது, ஆனால் என்னிடம் ஒப்புக்கொள்ள மாட்டாள், ஒப்புக்கொண்டால் கடைப் படிக்கட்டைப் பெருக்குகிற வேலை மறுபடி அவள் தலையில் விழும். பக்கத்து சலூன்காரர் சுவருக்குப் பச்சை அடித்திருக்கிறார், முடி வெட்ட உட்கார்ந்தால் தவளை மாதிரித் தெரிகிறோம். என் மெஷினுக்கு ஒருவழியாக மோட்டார் மாட்டிவிட்டேன், அது ஓடுகிற ஓட்டத்தில் முதல் நாளே ஒருவர் பேண்ட் பாக்கெட்டை வாயோடு வாயாகச் சேர்த்துத் தைத்துவிட்டேன், மனுஷன் வீட்டு வாசலில் நின்று சாவியை எடுக்கக் கையை விட்டுப் பார்த்துவிட்டு நேராகக் கடைக்குத் திரும்பி வந்தார். மற்றபடி குறை ஒன்றும் இல்லை, வேலை இருக்கிறது, கண் தெரிகிறது, ஊசியில் நூல் கோர்க்க இன்னும் யாரையும் கூப்பிடுவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். உன் சிநேகிதி சோடாபுட்டிக்கு அடுத்த மாசக் கடைசியில் கல்யாணம். உனக்கு அவள் பத்திரிகை அனுப்பி, மெசேஜ் அனுப்பி, போனும் அடித்தாளாம், நீ ஒன்றுக்கும் பதில் போடவில்லையாம். ஞாயிறு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, அவள் கண்ணாடியை நீ போட்டுப் பார்த்து, நீ விழுந்தால் அவள் அழுது வளர்ந்தவர்கள் நீங்கள். நீ ஏன் வாயை மூடிக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அவள் அப்பா, நம் ஆர்கன் மாமா, என்னைச் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காக. அது நடந்தபோது நீ இங்கே இல்லை, அம்மா அழுதுகொண்டே போனில் சொன்னதைத்தான் கேட்டாய், அழுகிறவர்கள் பாதியை விட்டுவிடுவார்கள், அதனால் முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படி.

சபையில் பாடகர் குழுவுக்கு அங்கி தைக்க ஒரே சுருளாகத் துணி வாங்கிக் கொடுத்தார்கள். நான் எப்போதும் செய்கிறமாதிரி வெட்டுவதற்கு முன்னால் நனைத்துக் காயப்போட்டேன். அந்தத் துணி நனைந்தது பார், அப்படியே கூனிக் குறுகிப்போயிற்று. எல்லாருக்கும் தைத்து முடித்தபோது ஒரு அங்கி குறைந்தது. துணி சுருங்கிவிட்டது என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, ஆர்கன் மாமா பாடகர் அறையில் அத்தனை பேர் நடுவில் சிரித்துக்கொண்டே சொன்னார், நம்ம டெய்லருக்குக் கொஞ்சம் கை நீளம் போலிருக்கே என்று. எல்லாரும் சிரித்தார்கள். என்னைத் திருடன் என்றுகூட நேராகச் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். கை நீளம்! ஊரில் அதற்கு ஒரு அர்த்தம், என் தொழிலில் அது சட்டைக் கையின் அளவு, காலையிலிருந்து இருட்டும்வரை என் வாயில் வந்துபோகிற வார்த்தை. அன்றிலிருந்து யாருக்குச் சட்டை அளவெடுத்தாலும் அந்த இடம் வந்ததும் அந்தச் சிரிப்பு காதில் கேட்கும். என் சொந்தத் தொழிலின் ஒரு வார்த்தையை மனுஷன் முள்ளாக்கிவிட்டாரே என்று எனக்கு அப்படி ஒரு ஆத்திரம்.

அத்தனை வருஷம் பாடிவந்த பாடகர் குழுவிலிருந்து விலகிக்கொண்டேன். ஆராதனையில் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டேன், அவர் வாசிக்கிற ஆர்கனில் ஒரு சுரம் தப்பினால் எனக்கு உள்ளுக்குள் திருப்தியாக இருக்கும். எல்லாரும் சேர்ந்து சொல்கிற ஜெபத்தில், நமக்குத் தப்பு செய்தவர்களை மன்னிக்கிற இடம் வந்தால் எனக்கு இருமல் வந்துவிடும். ஒரு நாள் வீட்டுக்கு நடந்து வரும்போது உன் அம்மா, ஏங்க, உங்களுக்கு அந்த ஒரு வரிக்கு மட்டும் எப்படிங்க கரெக்டா இருமல் வருது, டாக்டர்கிட்டக் காட்டலாமா என்று கேட்டாளே பார்க்கலாம். வேகமாக நடந்தேன். அவளுக்கு முட்டிவலி என்பதுகூட மறந்துவிட்டது.

போன மாசம் ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுக் கடையைத் திறக்கிறேன், எதிர்ப்பக்கம் ஆர்கன் மாமா கையில் ஒரு பையோடு நிற்கிறார். நிற்கிறார், என் கடைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிற பட்டன்களைப் பார்க்கிறார், போகிறார், திரும்பி வருகிறார். இந்த ரெண்டு வருஷமாக அவர் தைக்கக் கொடுத்துவந்த டெய்லர் மகனோடு வேறு ஊருக்குப் போய்விட்டாராம். ரெடிமேட் கோட்டு அவருக்கு ஆகாது, ஆர்கன் வாசித்து வாசித்து ஒரு தோள் இறங்கியிருக்கும், அது எனக்குத் தெரியும், எனக்கு மட்டும்தான் தெரியும். மகளைக் கைப்பிடித்துக் கூட்டிப்போக ஒரு கோட்டு வேணும் டெய்லரே என்று தரையைப் பார்த்துச் சொன்னார். எனக்கு வந்த முதல் யோசனையை உன்னிடம் மறைப்பானேன், வேலை நிறைய இருக்கிறது, முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் உன் அம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு, உக்காருங்கண்ணே, தண்ணி குடிங்க என்றுவிட்டாள். என் வாயை அடைக்க அவளுக்கு ஒரு ஸ்டூல் போதும்.

நான் அளவெடுக்கிற விதம் உனக்குத் தெரியும். டேப்பை வைத்துச் சத்தமாக அளவின் பெயரைச் சொல்லி எண்ணைச் சொல்வேன், அம்மா எழுதுவாள். தோள் என்றேன், எண்ணைச் சொன்னேன். மார்பு, சொன்னேன். இடுப்பு, சொன்னேன், அவருக்குத் தொந்தி வைத்திருக்கிறது. அடுத்தது என்ன? கை நீளம். அப்போதுதான் குட்டிம்மா எனக்கு உறைத்தது. நான் ஒரு பாவமும் அறியாதவன் மாதிரி அந்த ரெண்டு வார்த்தையைச் சத்தமாகச் சொன்னால் போதும். தொழில் வார்த்தைதானே, யார் என்ன கேட்க முடியும்? கொஞ்சம் இழுத்து, ஒரு மூச்சு நிறுத்திச் சொன்னால், ரெண்டு வருஷக் கணக்கும் ஒரே நொடியில் தீர்ந்துவிடும். வாய்க்குள் அது கற்கண்டு மாதிரி உருண்டது. பிசாசு கொம்போடும் வாலோடும் வருவான் என்று சின்ன வயசிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன், அன்றைக்கு என் கழுத்தில் தொங்குகிற இஞ்ச் டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அவருக்கும் தெரிந்துவிட்டது. ஊசி போடுகிற டாக்டர் முன்னால் நிற்கிறவர் மாதிரிக் கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார், கழுத்தெல்லாம் சிவந்துபோயிற்று. அம்மா பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னையே பார்க்கிறாள். ஆண்டவரே, இவரை என்னால் மன்னிக்கவெல்லாம் முடியாது, இந்த ஒரு வார்த்தையை மட்டும் என் வாயிலிருந்து எடுத்துவிடும் என்றுதான் மனசுக்குள் சொன்னேன், அதற்குமேல் எனக்கு ஜெபம் வரவில்லை. வாயைத் திறந்தேன். தோளிலிருந்து மணிக்கட்டு வரைக்கும், என்று சொல்லி எண்ணைச் சொன்னேன்.

உன் அம்மா இருக்கிறாளே, அது என்னங்க புதுசா ஒரு அளவு என்று கேட்டுவிட்டாள். அப்புறம் சட்டென்று புரிந்து, தலையைக் குனிந்து எழுதினாள், எழுதியது கோணிக்கொண்டு போயிற்று. சோதனை அத்தோடு முடிந்ததா என்றால் இல்லை, ஒரு தோள் இறங்கினவருக்கு ரெண்டு கையையும் தனித்தனியாக அளக்க வேண்டுமே! அந்தக் கைக்கும், தோளிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் என்றேன். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். கோட்டுத் துணி இருந்த பையை வைத்துவிட்டுக் குடையை மறந்துவிட்டுப் போனார்.

மன்னிப்பு என்றால் முதலில் மனசு இளகும், கண்ணில் தண்ணீர் வரும், அப்புறம் வாய் நல்லது பேசும் என்று நான் நினைத்திருந்தேன். எனக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அவர் போனபிறகு கோபத்தில் கத்தரிக்கோலை மேசைமேல் போட்ட சத்தத்தில் சலூன்காரர் எட்டிப் பார்த்தார். மனசு அதன் பாட்டுக்கு முறுக்கிக்கொண்டுதான் இருந்தது, வாய் மட்டும் ஆண்டவர் சொன்னதைக் கேட்டது. ஆனால் அந்தக் கோட்டைத் தைக்கத் தைக்க என்னமோ ஆயிற்று. கீபோர்டுக்குக் கையை நீட்டும்போது கோட்டுக் கை மேலே ஏறக்கூடாதே என்று முழங்கை மடங்குகிற இடத்தில் கொஞ்சம் துணி விட்டேன், இறங்கின தோளுக்கு உள்ளே மெத்தென்று ஒரு பட்டை வைத்தேன். மகளோடு நடக்கும்போது மனுஷன் நிமிர்ந்து நடக்க வேண்டுமே என்று எனக்கே ஆசை வந்துவிட்டது. கோபம் எப்போது எழுந்து போயிற்று என்று கேட்டால் தெரியாது, பட்டனுக்குக் காஜா போடும்போது தேடினேன், ஆள் இல்லை.

போட்டுப் பார்க்க வந்தார். கண்ணாடி முன்னால் நின்றார். பிறகு வெட்டுகிற மேசை முன்னால் உட்கார்ந்து, ஆர்கன் இருப்பதாக நினைத்துக்கொண்டு ரெண்டு கையையும் நீட்டி மேசைமேல் விரலை ஓட்டினார். கோட்டுக் கை நகரவே இல்லை. வாசித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார், கை நீளம் சரியா இருக்கு டெய்லரே, எனக்குத்தான் வாய் நீளம், அதைக் குறைக்க உங்க கடையில ஏதாவது வழி இருக்கா என்று. சொல்லி முடிக்கும்போது குரல் உடைந்துபோயிற்று. கத்தரிக்கோல் இருக்கு, நாக்கை நீட்டுங்க என்றேன். ரெண்டு பேரும் சிரித்தோம், சிரித்துக்கொண்டே அழுதோம், கிழவர்கள் ரெண்டு பேர் அழுவதைப் பார்த்து உன் அம்மாவும் அழுதாள், அவளுக்கு அதற்குக் காரணமே வேண்டாம். போன ஞாயிற்றுக்கிழமை அதே பாடகர் அறையில், சிரித்த அதே ஆட்கள் முன்னால், நான் சொன்னது தப்பு, டெய்லர் நேர்மையான மனுஷன் என்று எழுந்து நின்று சொன்னார். வேண்டாம் என்று நான் தடுத்தும் கேட்கவில்லை. ஜெபத்தில் எனக்கு இருமல் வரவில்லை, அம்மா முழங்கையால் ஒரு இடி இடித்தாள்.

இப்போது உன் கதை. நீ எனக்காகத்தான் கோபப்பட்டாய், அதில் எனக்குப் பெருமைதான், அப்பாவை ஒருத்தன் ஒரு சொல் சொன்னால் பொறுக்காத பிள்ளை யாருக்குக் கிடைக்கும். ஆனால் அந்தக் கோபத்துக்குச் சொந்தக்காரன் நான். நானே இறக்கி வைத்துவிட்டேன், நீ எதற்கம்மா அவ்வளவு தூரத்தில் தனியாகத் தூக்கிச் சுமக்கிறாய்? அதுவும் ஒன்றும் சொல்லாத ஒரு பெண்மேல். மனசு வந்தால் பேசுகிறேன் என்று சொல்லாதே, மனசுக்காகக் காத்திருந்தால் நான் இன்னும் இருமிக்கொண்டுதான் இருப்பேன். முதலில் போனை எடு, மனசு பின்னால் ஓடிவரும்.

இன்னொன்று. சோடாபுட்டி ரெண்டு நாள் முன்னால் கடைக்கு வந்தாள். மணப்பெண் தோழிக்கு ஒரு கவுன் தைக்கணும் மாமா என்றாள், இளநீலத் துணி, அவளே பார்த்து வாங்கியது. தோழியை அழைத்து வா, அளவெடுக்கிறேன் என்றேன். அந்தக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, அவ அளவு உங்ககிட்ட இருக்குமே மாமா என்றாள். கவுனை வெட்டிவிட்டேன், உடம்பு முழுக்கத் தைத்தும் ஆயிற்று, கண்ணாடி ஓரம் மாட்டியிருக்கிறது, கை மட்டும் இல்லாமல் தொங்குகிறது. அந்த அளவு மட்டும் பழசு, சரியாக இருக்குமா தெரியாது, நீயே குட்டிம்மாவிடம் கேட்டு வந்து சொல் என்று சோடாபுட்டியிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன். வளர்ந்த பிள்ளைக்குக் கை வளராது என்பது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது, நீயும் சொல்லிவிடாதே. லீவு கிடைத்தால் வந்து போட்டுக்கொள், கிடைக்காவிட்டாலும் அவளுக்குப் போன் செய்து அளவைச் சொல்.

குளிருக்குக் காதை மூடிக்கொள், ராத்திரியில் போனை நோண்டாமல் படு. நீ போகிற வழியிலும் படுக்கிற இடத்திலும் ஆண்டவர் கூட இருக்கட்டும், உன் வாயிலிருந்து வருகிற வார்த்தை யாருக்கும் முள்ளாகாமல் இருக்கட்டும், அம்மா உனக்கு முத்தம் என்று எழுதச் சொன்னாள். மறந்துவிடாதே, உன் கை நீளம் தெரியாமல் ஒரு கவுன் இங்கே காத்துக்கொண்டிருக்கிறது.

என்றும் உன்னை நினைத்திருக்கும்
அப்பா