இன்னும் இரண்டு கண்டம் பாக்கி

அன்பு மகன் அன்பழகனுக்கு,

கப்பலில் நீ சுகமாய் இருக்க முருகன் துணை நிற்கட்டும். இங்கே தீவில், நம் கராச்சர்மாவில் எனக்கு உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, மழை விட்டு விட்டுப் பெய்கிறது, குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வருகிறது. மனசுக்குத்தான் வெட்கமாய் இருக்கிறது. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். நளினி இதைப் படம் பிடித்து அனுப்புவாள், சிக்னல் கிடைக்கும்போது படி. சிரிப்பு வந்தாலும் கப்பலில் யாரிடமும் சொல்லிவிடாதே.

போன மாதம் "நாலு கண்டம் தாண்டிவிட்டேன் அம்மா, இன்னும் இரண்டு பாக்கி, அதையும் தாண்டி வந்ததும் கல்யாணம்" என்று எழுதியிருந்தாய். நான் படித்தது இந்திப் பள்ளிக்கூடம், தமிழ் என் அம்மா வீட்டில் சொல்லிக்கொடுத்தது. எனக்குத் தெரிந்த கண்டம் ஜாதகத்தில் வருகிற கண்டம்தான், உயிருக்கு வருகிற ஆபத்து. கச்சால் தீவில் சுனாமி அன்றைக்கு உன் அப்பாவைத் தண்ணீர் கொண்டுபோனதை நீயும் பார்த்தாய். அந்த ஒரு கண்டத்தையே அவரால் தாண்ட முடியவில்லை, பிள்ளைக்கு இன்னும் இரண்டு இருக்கிறதே என்று உடனே உனக்குப் போன் போட்டேன். கிடைக்கவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. முருகனுக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டு, மறுநாளே ஃபெர்ரி ஏறி பாம்பூஃப்ளாட்டுக்குப் போய்விட்டேன். நளினியின் அம்மா ஒச்சம்மாவிடம், என் புள்ளைக்கு இன்னும் ரெண்டு கண்டம் கெடக்கு, ஒங்க பொண்ணு வாழ்க்கைய நான் கெடுக்க மாட்டேன், வேற எடம் பாத்துக்கங்க என்று சொல்லிவிட்டேன். பூ வச்ச பொண்ண நடுவுல விட்டா நாலு பேரு என்னம்மா சொல்லுவாங்க என்று அந்த அம்மா அழுதது. பிறகு, பூ வைத்த அன்று நாம் சேலை வைத்துக் கொடுத்த தட்டைத் துணி போட்டு மூடிக் கையில் கொடுத்துவிட்டது. நல்ல காரியம் செய்துவிட்டதாய் நினைத்துக்கொண்டு வந்தேனப்பா, அதை நினைத்தால்தான் இப்போது கூசுகிறது.

ஞாயிற்றுக்கிழமை நளினி தனியாக வந்தாள். அத்தை, அந்தக் கண்டம் இல்ல இது, இந்தியில சொல்வாங்களே மகாத்வீப், அது என்றாள். போனில் உலகப் படத்தை விரித்து, ஆசியா, ஆப்பிரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா நாலும் நீ பார்த்தாயிற்று, பாக்கி வட அமெரிக்காவும் தென் அமெரிக்காவும் என்று காட்டினாள். ஏழாவதாக அண்டார்டிகா இருக்கிறது, எல்லாம் பனிக்கட்டி, அங்கே சரக்குக் கப்பலுக்கு வேலை இல்லையாம். நல்லவேளை, அதையும் சேர்த்திருந்தால் அந்தப் பெண்ணுக்கு நரைத்துவிடும். சுற்றிலும் தண்ணீராய் இருந்தாலும் நம் தீவும் ஆசியாவில்தான் சேர்த்தியாம். மகாத்வீப் என்று நீ எழுதியிருந்தால் ஏழையும் நானே ஒப்பித்திருப்பேன், ஐந்தாவது வகுப்பில் ஒப்பித்தவள்தான். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் தேநீர் போடுகிற சாக்கில் அடுப்படிக்குள் போய்விட்டேன். அம்மா கோபமாத்தான் இருக்காங்க, நீங்களே வந்து சொல்லிடுங்க அத்தை என்றாள். நாளைக்குக் காலையில் அதே தட்டோடு போகிறேன். என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்வேன், எனக்கு வேண்டியதுதான்.

ஒன்று சொல்ல வேண்டும். அவர்கள் திருப்பிக் கொடுத்த தட்டை நான் திறந்தே பார்க்கவில்லை. நளினி போன பிறகுதான் திறந்தேன், அவர்கள் வைத்த பழமும் வெற்றிலையும் காய்ந்து கிடந்தன, சேலை மட்டும் இல்லை. அப்புறம்தான் உறைத்தது, ஞாயிற்றுக்கிழமை அவள் கட்டிக்கொண்டு வந்தது நாம் வைத்த அந்தப் பச்சைச் சேலைதான். இதைப் படம் பிடிக்கும்போது அவளும் படிப்பாள், படிக்கட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு டெக்கில் நிற்காதே. மகாத்வீப் என்றால் பெரிய தீவுதானே, அந்த இரண்டையும் பார்த்துவிட்டு இந்தச் சின்னத் தீவுக்கு நல்லபடியாக வந்து சேர். நேர்ந்த பால்குடத்தை நான் எடுத்துவிடுகிறேன், அது வீண்போகாது. இனிமேல் எனக்கு எழுதினால் மகாத்வீப் என்றே எழுது.

உன் நன்மையே நினைக்கும் அம்மா,
சொர்ணம்மா