முகத்துவாரத்துப் பாயும் மூன்று ஆணிகளும்

மச்சான்,

உன் மகள் ஷெரின் தந்த ஆணி இப்போது என் மேசையில் கிடக்கிறது. ஆறங்குல ஆணி, நடுவில் வளைந்து, உடம்பெல்லாம் துரு. கையில் எடுத்து வைத்தால் விரலில் அந்த மணம் ஒட்டிக்கொள்கிறது, சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும் லேசில் போவதில்லை. உன் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து, கொட்டாஞ்சேனையில் உன் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவள் என்னைக் குசினிப் பக்கம் கூப்பிட்டு, பேப்பரில் சுற்றியிருந்த இதைக் கையில் தந்தாள்.

“அங்கிள், அப்பா இதை உங்களட்ட குடுக்கச் சொன்னவர். ஒரு விஷயமும் சொல்லச் சொன்னவர்.”

அந்த விஷயம் உனக்குத் தெரியும். எனக்குத்தான் நாற்பது வருடம் பிந்தித் தெரிந்தது. ஆகவே என்னுடைய ஒழுங்கில்தான் சொல்லப்போகிறேன், குறுக்கே பேசாமல் கேள். உயிரோடு இருந்தபோது நீ ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்லை.

நம் வழக்கு ஒன்றே ஒன்றுதான். அந்தக் காலத்துப் பெரிய துடுப்பாட்டக்காரர்கள் இன்றைய பந்துவீச்சுக்கு முன்னால் நிற்பார்களா, மாட்டார்களா? நிற்பார்கள் என்றாய் நீ. மாட்டார்கள் என்றேன் நான். ஞாயிறு காலையில் பூசை முடித்து, பஸ் பிடித்து நீ வெள்ளவத்தைக்கு வருவாய். காலி வீதித் தேத்தண்ணிக் கடையில் நீயும் நானும், நம்மோடு ஒரே அணியில் ஆடிய மற்ற இருவரும் உட்கார்ந்தால், இரண்டாம் பிளேன்டீக்குள் வழக்கு ஆரம்பமாகிவிடும்.

நான் பந்துவீச்சாளன். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். முன்பு ஒரு அணிக்கு இரண்டு வேகப்பந்து வீச்சாளர்கள் இருந்தால் பெரிய காரியம். அந்த இரண்டு பேரையும் சமாளித்துவிட்டால் பிறகு வருகிறவனிடம் சாவகாசமாக ஓட்டம் சேர்க்கலாம். இன்றைக்கு நாலு பேர் மாறி மாறி வருகிறார்கள், நாலு பேரும் குதிரை. நீ எந்தக் காலைத் தூக்கத் தயங்குகிறாய் என்பதை நீ பிறந்த நாளிலிருந்து கம்ப்யூட்டரில் பார்த்து வைத்திருக்கிறார்கள். அதே கை, அதே வேகம் என்று நினைத்து மட்டையைக் கொண்டுபோனால் பந்து வேகம் குறைந்து ஆறுதலாகப் பின்னால் வருகிறது. உன்னுடைய பெரிய ஆட்களுக்குப் பத்து ஓவர் தாங்காது என்றேன்.

“நீ கதைக்கிறது முழுக்க பந்தைப் பத்தி,” என்பாய். “மழை பெஞ்சு வெயில் எறிச்ச பிச்சில நிண்டவங்கள் மச்சான். தலையில ஒரு தொப்பி மட்டும்தான். இவங்களை ஹெல்மெட்டைக் கழட்டிப்போட்டு அங்க நிக்கச் சொல்லு பாப்பம்.”

ஒருமுறை அமெரிக்காவிலிருந்து வந்திருந்த என் மருமகனையும் கடைக்குக் கூட்டிவந்தேன். அங்கே பேஸ்போலிலும் இதே சண்டைதான் என்றான் அவன். பழைய பெரிய அடிகாரர்களை இன்றைக்கு எறிகிறவர்களுக்கு முன்னால் நிறுத்தினால் பந்தைக் கண்ணாலும் காணமாட்டார்கள் என்று ஒரு கட்சி, இன்றைய சாப்பாடும் பயிற்சியும் கிடைத்திருந்தால் அவர்களை யாராலும் பிடிக்க முடியாது என்று மறு கட்சி. நீ தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்துவிட்டு, “அப்ப எங்களைப்போல விசரங்கள் உலகம் முழுக்க இருக்கிறாங்கள்,” என்றாய். உனக்கு அதில் பெரிய சந்தோஷம்.

வழக்கு முற்றினால் நீ எப்போதும் இறக்குகிற சாட்சி ஒன்றுண்டு: நாற்பது வருடத்துக்கு முந்திய முகத்துவாரத்து ஆட்டம். “நான், கொழும்பு ஹாபர்ல கணக்கெழுதினவன், அந்த நெட்டையன்ட பந்துக்கு ஐம்பதுக்கு மேல அடிச்சனான். என்னாலயே ஏலுமெண்டா பெரிய ஆக்களுக்கு ஏலாதா?” அங்கேதான் நான் வாயை மூடிக்கொள்வேன். தோற்றுப்போய் மூடுகிறேன் என்று மற்ற இருவரும் நினைத்தார்கள். உண்மையில் உன் சாட்சியை ஒரே வசனத்தில் உடைக்கக்கூடிய சீட்டு என் கையில் இருந்தது. அதை இறக்கினால் உன் வாழ்க்கையின் மிக நல்ல நாள் உடைந்துபோகும். அதனால் இறக்கவில்லை.

அந்த ஞாயிறை மறுபடி எழுதுகிறேன்.

முகத்துவாரத்தில் கடலோர மைதானம். புல் ஆடுகளம் நமக்கு ஏது? சீமெந்துபோல இறுகிய மண்ணின்மேல் தேங்காய்த் தும்புப் பாயை விரித்து, ஓரமெல்லாம் ஆணி அடித்து இழுத்துக் கட்டி ஆடினோம். பாய் இறுக்கமாக இருந்தால் பந்து சீறி எழும்பும். தளர்ந்திருந்தால் பந்து பாயில் சிக்கி, வேகம் செத்துத் தாழ வரும். இன்னிங்ஸ் மாறும்போது, அடுத்து ஆடப்போகும் அணியே பாயை மறுபடி இழுத்து ஆணி அடிப்பது வழக்கம். நம் அணியில் அந்த வேலை கடைசி ஆளான எனக்கு. சுத்தியலும் ஆணிப் பையும் என் பொறுப்பு.

எதிரணியின் வேகப்பந்து வீச்சாளன் நெட்டையன், மலைநாட்டுப் பக்கத்திலிருந்து வந்தவன். அவன் பந்தைப் பார்ப்பதற்கு முன் அவன் ஓடிவரும் சத்தத்தைக் கேட்போம். அதற்கு முந்திய வாரம் வேறொரு ஆட்டத்தில் ஒருவனுடைய முன்பல் இரண்டை எடுத்திருந்தான். உனக்கோ அடுத்த சனிக்கிழமை கல்யாணம். உன் அம்மா காலையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதை நான் உனக்குச் சொன்னதில்லை. “தம்பி, அவன் சொன்னாக் கேக்கமாட்டான். பின்னேரம் அவன்ட முகத்தை முழுசா எனக்குக் கொண்டுவந்து தாங்கோ.”

நான் என்ன செய்ய? மேற்குப் பக்கத்தில், பந்து குத்தி எழும்பும் இடத்துக்கு நேரே, மூன்று ஆணிகளை அரைவாசிக்கு மேல் இழுத்து, விழாமல் மண்ணில் சும்மா செருகி வைத்தேன். பார்த்தால் தெரியாது, மிதித்தால் தெரியும். சுத்தியலை எடுத்துக்கொண்டு மரத்தடிக்கு வந்துவிட்டேன், பையைக்கூட அங்கேயே மறந்துவிட்டு. நான் ஒரு பந்துவீச்சாளன். இன்னொரு பந்துவீச்சாளனுக்கு அந்தத் துரோகத்தைச் செய்தேன்.

நீ மட்டையோடு தனியாக முன்னால் போனாய். பாயை ஒருமுறை நடந்து பார்த்தாய். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டி முழந்தாளிட்டுக் குனிந்தாய். “செபம் சொல்றான்,” என்றான் நம் அணித்தலைவன். கல்யாணத்துக்கு ஆறு நாள் இருக்க, அந்த நெட்டையனுக்கு முன்னால் நிற்கப்போகிறவன் செபம் சொல்லாமல் என்ன செய்வான்? எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். நான் சைவக்காரன், ஒருவன் கும்பிடும்போது வாய் பார்ப்பது மரியாதை இல்லை என்று கடலின் பக்கம் திரும்பிக்கொண்டேன். அலைச் சத்தத்தில் வேறொன்றும் காதில் விழவில்லை.

அன்று நீ ஆடிய ஆட்டத்தை இன்றும் கண்ணை மூடினால் காண்பேன். முதல் ஓவரிலேயே ஒரு பந்து உன் இடது காதை உரசிப் போனது. நீ காதைத் தொட்டும் பார்க்கவில்லை. பிறகு பின்காலில் எழும்பி நின்று, நெஞ்சுயரத்துக்கு வந்த பந்துகளை ஒவ்வொன்றாகக் கீழே அமுக்கினாய். மத்தியானத்துக்குப் பிறகு நெட்டையனே களைத்துப்போய் உனக்குக் கைதட்டினான். எல்லோரும் உன்னைத் தூக்கினார்கள். நானும் ஒரு காலைப் பிடித்துத் தூக்கினேன், மனதுக்குள் என் ஆணிகளுக்கு நன்றி சொல்லிக்கொண்டு.

உன் கல்யாணப் படத்தில் இடது காது பணியாரம்போல வீங்கியிருக்கிறது. அந்தப் படம் என் வீட்டுச் சுவரில் நாற்பது வருடம் தொங்குகிறது. தளர்ந்த பாயில் விழுந்த பந்து எப்படியடா காதுவரை எழும்பும் என்று ஒரு நாளாவது யோசித்தேனா? பந்துவீச்சைப் பற்றி ஊருக்கெல்லாம் வகுப்பு எடுக்கிறவன் நான்.

போன வருடம் வெள்ளவத்தையில் பந்து எறியும் மெஷின் வைத்த கூடம் ஒன்றுக்கு நீயே என்னை இழுத்துப் போனாய். வேகத்தை ஏற்றச் சொன்னாய். மெஷினுக்குப் பொறுப்பான பெண் சிங்களத்தில், “அங்கிள், பவ்,” என்று உனக்காக இரங்கினாள். ஐந்து பந்துகள் உன்னைக் கடந்து வலையில் மோதின. ஆறாவது மட்டையின் நடுவில் பட்டு நேரே போனது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தாய்.

“இதுக்குக் கை இல்லை மச்சான். நாங்க பந்தையா பாத்தம்? போலர்ட தோளையும் மணிக்கட்டையும் எல்லே பாத்தம். கை இருந்தா முதல் பந்தே பட்டிருக்கும்.”

அன்றைக்கு எனக்கு வழக்கை வெல்லும் ஆசை போய்விட்டது. மனதில் கிடந்ததைச் சொல்லிவிடுவோம் என்று கடையில் உட்கார்ந்ததும் ஆரம்பித்தேன். “மச்சான், அண்டைக்கு முகத்துவாரத்தில அந்தப் பாய்...” என்றேன். “பாய் கிடக்கட்டும், வடை ஆறப்போகுது, தின்,” என்றாய். நான் தின்றேன்.

இப்போது ஷெரின் குசினியில் சொன்னதற்கு வருகிறேன்.

“‘மூண்டு ஆணியையும் நான் கல்லால திருப்பி அடிச்சு இறுக்கினனான் எண்டு சொல்லு’ எண்டவர் அப்பா. ஒண்டு வளைஞ்சு போச்சாம். அதைப் பொக்கட்டில போட்டுட்டு, பையில இருந்து வேற ஒண்டை அடிச்சவராம்.”

“ஏன் பிள்ளை எனக்கு ஒரு நாளும் சொல்லேல்லை?”

“நானும் கேட்டனான் அங்கிள். ‘அவன் எனக்காகப் பயந்து செஞ்சவன். தெரியுமெண்டு சொன்னா வெக்கப்பட்டு ஞாயிற்றுக்கிழமை வரமாட்டான்’ எண்டவர்.”

குசினியில் அவள் முன்னால் அழுதேன், மச்சான். மறைக்க எதுவும் இல்லை. செபம் என்று நாங்கள் தலைகுனிந்து நின்ற நேரம் முழுக்க நீ கல்லால் ஆணி அடித்துக்கொண்டிருந்திருக்கிறாய். ஆணி விஷயத்தை மூடி வைத்து நான் உன்னைக் காப்பாற்றினேன் என்று நாற்பது வருடம் பெருமைப்பட்டேன். காப்பாற்றப்பட்டது நான்தான்.

இந்த ஞாயிறும் கடைக்குப் போனேன். உன் கதிரையை ஒருவரும் எடுக்கவில்லை. இரண்டாம் பிளேன்டீ வந்ததும் பழக்கதோஷத்தில் ஒருவர் வழக்கை ஆரம்பித்தார். “சொல்லும், பழைய ஆக்கள் இண்டைக்கு நிப்பினமோ?”

“நிப்பினம்,” என்றேன். “முதல் ஓவரில காதில வாங்குவினம். பிறகு நிப்பினம்.”

இருவரும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். “நாப்பது வருஷமா மாட்டினம் எண்டனீர். இப்ப என்ன சாட்சி?”

சட்டைப் பையிலிருந்து உன் ஆணியை எடுத்து, உன் கதிரைக்கு முன்னால் மேசையில் வைத்தேன்.